என்புண்ணியை ஏவுவது எது?

(சங்கரன்கோயிலில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சங்கரநயினார்கோயில் எனப் பழைய ஆவணங்கள் குறிக்கும் இவ்வூரில்தான் 1902-ஆம் ஆண்டு பிப்பிரவரி 7-ஆம் நாள் மொழிஞாயிறு ஞா. தேவநேயப் பாவாணர் பிறந்தார். சொல்லின் வேர் யாது, அது கிளைத்த வழி யாது, அதன்மேற் படிந்த பிறமொழித் தூசு யாது என வாழ்நாளெல்லாம் அகழ்ந்தவர் அவர். 1974-இல் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராய் அமர்ந்து, அதன் முதன்மடலம் அச்சேறக் காணாமலே 1981 சனவரியில் மறைந்தார். அவர் பிறந்த மண்ணிற் கூடும் அவையில் மொழி வரலாறு பேசப்படுதல் இயல்பு. இன்று பேசப்படுவதோ எலும்பு.

எலும்பு ஏன்? “தமிழ் பாட்டுக்கும் மேடைக்கும் போதும், உயிரணுவின் உள்ளே மூலக்கூறு மூலக்கூறைத் தொடும் இடத்தில் தமிழுக்கு என்ன வேலை?” எனக் கேட்போர் உளர். அவரெல்லாரும் தமிழ்ப் பகைவர் அல்லர். ஆங்கில வாயிலாகவே அனைத்தையும் கற்றமையால் வேறு வழி ஒன்று உண்டென்பதை அறியாதவர், அவ்வளவே. அவர்முன் தமிழின் தொன்மையை முழங்குவதாற் பயனில்லை. கடும்பொருள் ஒன்றை எடுத்துத் தமிழிற் சொல்லிக் காட்டுவதே அவர்க்கு விடை. அக் கடும்பொருளும் வெறுங் காட்சிப்பொருளாய் இருத்தல் வேண்டா. சொல்லப்படாது விடப்பட்டால் ஒருவர் முதுகெலும்பு முறியும் என்னும் அளவுக்கு உயிரோடு ஒட்டியதாய் இருத்தல் வேண்டும். அத்தகைய பொருள்தான் எலும்பைத் தின்னும் உயிரணு.

செருமானிய நாட்டிற் பணியாற்றிய ஆய்வர் கோலிக்கர் என்பார் 1873-இல் அவ்வுயிரணுவுக்குப் பெயரிட்டார். கிரேக்கத்தில் எலும்பைக் குறிக்கும் சொல்லையும் உடைத்தலைக் குறிக்கும் சொல்லையும் இணைத்து, 'என்புடைப்பி' என்னும் பொருள்பட ஆக்கிய பெயர் அது. அதற்கு ஓராண்டு முன்னர், 1872-இல், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் கிறீன் கிரேயின் உடற்கூற்று நூலைத் தமிழாக்கி வெளியிட்டிருந்தார். அவர் தமிழிலேயே மேலை மருத்துவம் பயிற்றியவர். தமிழில் மருத்துவம் கற்ற மாணாக்கர் ஊர்களிற் சென்று பண்டுவம் பார்த்தனர். அந்நூல்களின் பெயரும் கலைச்சொற்களும் வடசொற் குவியலாய் இருந்தன என்பது வருந்தத்தக்கதே. ஆயினும் ஒன்றை நோக்குக: எலும்புண்ணும் உயிரணுவுக்கு ஐரோப்பா பெயரிட்ட காலத்தே தமிழும் அதே உடற்கூற்றியலைப் பேசிக்கொண்டிருந்தது. இடைவெளி பின்னர் விழுந்தது. தமிழின் இயலாமையால் விழுந்ததன்று அது. கிறீனுக்குப்பின் அப்பணி தொடராமையால் விழுந்தது.

இனி அவ்வுயிரணுவுக்குத் தமிழில் யாது பெயர்? கிரேக்கத்தை அப்படியே பெயர்த்தால் 'என்புடைப்பி' வரும். ஆனால் அது எலும்பைச் சம்மட்டிகொண்டு உடைப்பதில்லை. எலும்பின் மேற்பரப்பில் அமர்ந்து, தன் விளிம்பை வளையம்போல் ஒட்டவைத்துக் காற்றும் நீரும் புகாத சிற்றறை ஒன்றை அமைத்துக்கொள்கிறது. அவ்வறையை நோக்கிய தன் சுவரை மடிப்பு மடிப்பாய் மடித்து, அதன் வழியே காடியைப் பொழிகிறது. மாந்தர் இரைப்பையில் உணவு செரிக்கச் சுரக்கும் அதே வகைக் காடிதான் அது. காடியில் எலும்பின் சுண்ணகக் கல் கரைகிறது. எஞ்சி நிற்கும் கொலாசன் என்னும் நார்ப்புரதத்தைக் கத்தெப்சின்-கே என்னும் நொதி அறுக்கிறது. கரைந்தவற்றை உயிரணு உள்வாங்கி மறுபுறமாய்க் குருதியிற் சேர்க்கிறது. உடைத்தல் அன்று, செரித்தல். அதனால் 'என்புண்ணி' என்பதே பொருந்தும். ஊனுண்ணி என்னும் ஆட்சி முன்னரே உண்டு. என்பு என்பதோ திருக்குறளில் வழங்கும் சொல். உண்ணி என்றவுடன் மாட்டின்மேல் ஒட்டும் உண்ணியை நினைந்து முகஞ்சுளிப்போர் இருக்கலாம். அது வெளியிலிருந்து வந்த ஒட்டுண்ணி. என்புண்ணியோ எலும்பின் உட்சோற்றிற் பிறந்த குருதியணுக்கள் பல ஒன்றோடொன்று கலந்து உருவான வீட்டுப்பிள்ளை. ஓர் என்புண்ணியில் கரு பல இருப்பது அக் கலப்பின் அடையாளம். (கற்றாழைச் சோறு என்பதுபோல் எலும்பின் உள்ளிருக்கும் மெல்லிய பொருளைச் சோறு என்றல் தகும், 'மச்சை' வேண்டா.)

அது தின்ற குழியைத் தூர்ப்பது வேறோர் உயிரணு. அதற்கு 'என்பாக்கி' எனப் பெயர் கொள்க. என்பாக்கிகளுட் சில தாம் கட்டிய எலும்புக்குள்ளேயே புதைந்து வாழ்கின்றன, அவை 'என்புறைவி'. வளர்ந்த மாந்தரின் எலும்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு கூறு ஆண்டுதோறும் இவ்வாறு தின்னப்பட்டுப் புதுக்கப்படுகிறது. குழி தோண்டச் சில கிழமைகள் போதும். தூர்க்கவோ சில திங்கள் வேண்டும். இந்தக் கால வேறுபாட்டை மறவாதிருத்தல் நன்று. பின்னர் வரும் துன்பத்திற்கெல்லாம் வேர் அதுவே.

இவ்வூர்க் கோயிலில் ஒருபாதி சிவனும் ஒருபாதி திருமாலுமாய் நிற்கும் வடிவை அறியாதார் ஈண்டு இலர். கடவுட் கொள்கை ஒருபுறம் இருக்க, அழிப்பும் காப்பும் ஓருடலில் அடங்கும் என்னும் அவ்வெண்ணத்தை எலும்பு நாள்தோறும் மெய்ப்பித்துக்கொண்டிருக்கிறது.

தின்பது எது, கட்டுவது எது என்பது ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே தெரிந்தது. தின்னச் சொல்வது எது என்பதுதான் நெடுங்காலம் தெரியாதிருந்தது. எலும்பைக் கரைத்துக் குருதிக்குச் சுண்ணகம் தருமாறு பணிக்கும் சுரப்புநீர் ஒன்று கழுத்திலுள்ள துணைத் தைராய்டுச் சுரப்பிகளிலிருந்து வருகிறது. அது நேரே என்புண்ணியைத்தான் தூண்டும் என்று எவரும் எண்ணுவர். ஆனால் அச் சுரப்புநீரை ஏற்கும் வாயில் என்பாக்கியிடம் இருந்தது; என்புண்ணியிடம் காணப்படவில்லை. இப்புதிரை எடுத்துக்கொண்டு உரோடன், மார்ட்டின் என்னும் இருவர் 1981-இல் ஒரு கருத்தை முன்வைத்தனர்: என்புண்ணியை ஏவுவது என்பாக்கியே. கட்டுவோன் சொன்னாலன்றித் தின்போன் வாய்திறவான்! அக்கருத்தைச் சப்பானில் தோக்கியோ நகரச் சோவா பல்கலைக்கழகத்துச் சுடா குழுவினர் செய்முறையால் உறுதிப்படுத்தினர். உட்சோற்று அணுக்களை என்பாக்கியினத்து அணுக்களோடு ஒரு கலத்தில் தொட்டுக்கொள்ள வளர்த்தபோது என்புண்ணிகள் பிறந்தன. இரண்டும் தொடாதவாறு நடுவே மென்றிரை இட்டால் பிறக்கவில்லை. ஆகவே ஏவல் என்பாக்கியின் மேற்பரப்பில் ஒட்டி நிற்கும் ஏதோ ஒரு பொருளாய் இருத்தல் வேண்டும் என்பது தெளிந்தது.

அப்பொருளைத் தேடிப் புறப்பட்டவர்க்கு முதலிற் கிடைத்தது அதன் எதிரிதான். 1997-இல் அமெரிக்காவில் ஆம்சென் என்னும் மருந்துக் குழுமத்தார், ஒரு புரதத்தை மிகையாய்ச் சுரக்குமாறு மரபணு மாற்றிய எலிகளின் எலும்பு கல்லெனத் திணிந்திருக்கக் கண்டனர். அதே காலத்திற் சப்பானிய நிறுவனம் ஒன்று மாந்த அணுக்கள் சுரந்த நீர்மத்திலிருந்து அதே புரதத்தைப் பிரித்தெடுத்தது. அந்நிறுவனம் ஒரு பால்பண்ணைக் குழுமம் என்பது சுவையான செய்தி; பாலும் வெண்ணெயும் விற்றோரின் ஆய்வகத்தில் எலும்பின் காவற்புரதம் கண்டெடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1998-இல், அக்காவற்புரதம் பற்றிக்கொள்ளும் பொருளைத் தேடிய அவ்விரு குழுவினரும் தனித்தனியே ஏவற்பொருளை அடைந்தனர்.

உலக நூல்கள் அதனை ஆர்.ஏ.என்.கே.எல். என எழுதும். ஐந்தெழுத்துக் கூட்டம், அதிற் பொருள் ஒன்றும் தோன்றாது. அதனை 'ஏவி' என்க. என்புண்ணியின் முன்னோடியணுவின் மேல் அதனை ஏற்கும் புரதத்தை 'ஏற்பி' என்க. இடையில் மிதந்து, ஏற்பியைப் போலவே உருக்கொண்டு, ஏவியைத் தான் பற்றிக்கொண்டு உண்மை ஏற்பியைச் சேரவிடாது தடுக்கும் காவற்புரதத்தை 'மறிப்பி' என்க. பூட்டு, திறவுகோல், திறவுகோலை வாங்கி விழுங்கும் பொய்ப்பூட்டு: இம்மூன்றே இத்துறையின் நெஞ்சாங்குலை. ஏவி மிகுந்து மறிப்பி குறைந்தால் என்புண்ணி பெருகும். மறிப்பி மிகுந்தால் அருகும்.

ஏவி ஏற்பியைத் தொட்டபின் அணுவின் உள்ளே செய்தி கைமாறிக் கைமாறிக் கருவைச் சேர்கிறது. அங்கே என்.எப்.ஏ.டி.சி.-1 என்னும் தலைமைப் புரதம் விழிக்கிறது. சப்பானியர் தக்கயனாகி குழுவினர் 2002-இல் இதனை நிறுவினர். அது தன்னையே மேலும் மேலும் ஆக்கிக்கொண்டு, அணுக்களைக் கலக்கச் செய்யும் புரதம், காடியை இறைக்கும் புரதம், நாரை அறுக்கும் நொதி ஆகியவற்றின் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. இவையெல்லாம் நடக்க முன்னோடியணு உயிரோடிருத்தல் வேண்டுமன்றோ? அதற்கு எம்-சி.எசு.எப். எனும் பிறிதொரு வளர்ப்புப் புரதமும் வேண்டும். ஒன்று சோறு, மற்றொன்று கட்டளை. 2011-இல் மேலும் ஒன்று தெரிந்தது: வளர்ந்த எலும்பில் ஏவியைப் பெரிதும் ஆக்குவது மேற்பரப்பிலுள்ள என்பாக்கியைக் காட்டிலும் உள்ளே புதைந்துள்ள என்புறைவியே. எலும்பின் எப்பகுதி பழுதுற்றது, எங்கே சுமை மிகுந்தது என்பதை உள்ளிருப்போன் அறிவான். அவனே ஆள் அனுப்புகிறான்.

சப்பானியர் இத்துறையில் இத்துணை முன்னிற்பது எதனால் என்று ஒருகணம் எண்ணுக. அவர்தம் கட்டுரைகள் ஆங்கில இதழ்களிலேயே வெளிவந்தன. அதனை மறைப்பதிற் பொருளில்லை. ஆயின் பள்ளியிலும் கல்லூரியிலும் அவர் எலும்பைக் கற்றது தம்மொழியில். அவர்மொழியில் இவ்வுயிரணுவின் பெயரைக் கேட்ட சிறுவனுக்கு 'எலும்பை உடைக்கும் அணு' எனப் பொருள் விளங்கிவிடும். தமிழ்ச் சிறுவனோ பொருள் விளங்காத ஒலியை மனப்பாடம் செய்து தேர்வில் கக்குகிறான். கற்பது தாய்மொழியில், உலகுக்கு அறிவிப்பது உலகமொழியில் என்னும் அவ்வொழுங்கில் தமிழர்க்கு மட்டும் இயலாதது ஏதும் இல்லை.

இந்தியத் துணைக்கண்டத்திலும் இவ்வாய்வு நடவாமல் இல்லை. புனே நகரிலுள்ள நாட்டு உயிரணு அறிவியல் நடுவத்தில் மோகன் வாணி குழுவினர் 2003-இல் ஒரு முடிபை வெளியிட்டனர். உடலின் காப்புப்படையைச் சேர்ந்த 'டி' அணுக்கள் சுரக்கும் இண்டர்லியூக்கின்-3 என்னும் புரதம், ஏவி வந்து தொட்ட பின்னரும் முன்னோடியணுவை என்புண்ணி ஆகவிடாமல், பெருவிழுங்கணு ஆகுமாறு வழிதிருப்பிவிடுகிறது. திரும்பிய அணு மீண்டும் பழைய வழிக்கு வருவதில்லை. 2010-இல் மாந்த அணுக்களிலும் இப்புரதம் என்புண்ணியைத் தடுத்தலை அக்குழுவினர் காட்டினர். காப்புப்படையணுக்களுள் ஏவியைச் சுரந்து எலும்பைத் தின்னவைப்பனவும் உண்டு. மூட்டழற்சி நோயில் விரல் மூட்டுகள் அரிபடுவது அதனாலேயே. ஒரே படையில் தூண்டுவோரும் தடுப்போரும் இருக்கின்றனர்.

ஏவலே இல்லாதொழிந்தால் எலும்பு வலுக்கும் என எண்ணிவிடற்க. என்புண்ணி செயலற்றுப் பிறக்கும் மகவின் எலும்பு சலவைக்கல்போல் இறுகிவிடும். உட்சோற்றுக்கு இடமில்லாமற் குருதி குன்றும். கண் நரம்பு செல்லும் துளை நெருங்கிப் பார்வை மங்கும். கல்லான எலும்பே எளிதில் முறியும். 1980-இல் அமெரிக்க மருத்துவர்கள் அந்நோயுற்ற ஐந்து திங்கட் பெண்மகவுக்கு அதன் அண்ணனின் உட்சோற்றை ஏற்றினர். பின்னர் அப்பெண்ணின் எலும்பில் அண்ணனுக்குரிய ஆண்மை அடையாளம் தாங்கிய என்புண்ணிகள் காணப்பட்டன, எலும்பு திறந்தது. ஆயினும் அந்நோயினர் எல்லார்க்கும் இப்பண்டுவம் பயன்படுவதில்லை. சிலர்க்கு ஏவியின் மரபணுவே பழுது என்பது 2007-இல் வெளிப்பட்டது. அவர்க்குப் புதிய உட்சோறு கொடுத்தும் என்புண்ணி பிறவாது. ஏவுவோன் பழைய என்பாக்கியன்றோ? ஏவி, ஏற்பி என்னும் இரு தமிழ்ச்சொற்களை அறிந்த எவரும் இதன் கரணியத்தை உடனே கண்டுகொள்வர்.

மறுதலையான கேடே ஊர்தோறும் உள்ளது. திங்கள்விலக்கு ஓய்ந்தபின் பெண்மைச் சுரப்புநீர் குறைகிறது. அந்நீர் ஏவியை அடக்கியும் மறிப்பியை ஊக்கியும் வந்தது. அது போனபின் என்புண்ணிக்குக் கட்டுக்காவல் தளர்கிறது. தோண்டல் விரைகிறது, தூர்த்தல் பின்தங்குகிறது. என்புப்புரை நோய் வருகிறது. மூச்சிரைப்புக்கும் மூட்டுநோய்க்கும் நெடுநாள் விழுங்கும் இசுடீராய்டு மாத்திரைகளும் ஏவியைக் கூட்டி மறிப்பியைக் குறைக்கும். வெயில் படாத உடலில் வைட்டமின் 'டி' குறைந்தால், உணவிலுள்ள சுண்ணகம் குடலில் உறிஞ்சப்படாது. அக்குறையை ஈடுசெய்யக் கழுத்துச் சுரப்பிகள் எலும்பைக் கரைக்கப் பணிக்கும். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், விலக்கு ஓய்ந்த பெண்களுள் ஏறத்தாழப் பாதியர்க்கு இடுப்பிலோ முதுகிலோ என்புப்புரை இருந்தது; ஏறத்தாழப் பாதியர்க்கு வைட்டமின் 'டி' குறைவு. வெயிலுக்குப் பஞ்சமில்லா நாட்டில் இந்நிலை! விடிந்தது முதல் தறிக்கூடத்து நிழலில் நிற்கும் பெண்டிரும், வீட்டுத் திண்ணையுள் அமர்ந்து பீடி சுற்றும் பெண்டிரும் மிகுந்த இப்பகுதியினர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நன்று.

இப்போது உரையின் நடுப்பொருளுக்கு வருதல் வேண்டும். ஏவி கண்டுபிடிக்கப்பட்டதன் பயனாய், மறிப்பியைப் போன்றே ஏவியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதம் ஒன்று மருந்தாய் ஆக்கப்பட்டது. தெனோசுமாபு என்பது அதன் பெயர், 2010-இல் மேலைநாடுகளில் ஒப்புதல் பெற்றது, இந்தியாவிலும் கிடைக்கிறது. ஆறு திங்களுக்கு ஒருமுறை தோலடியில் ஓர் ஊசி. 2009-இல் வெளிவந்த பேராய்வில் 7,868 பெண்கள் பங்குற்றனர். மூன்றாண்டுகளில் முள்ளெலும்பு முறிவு 68 விழுக்காடும் இடுப்பெலும்பு முறிவு 40 விழுக்காடும் குறைந்தன. நல்ல மருந்துதான், ஐயமில்லை.

ஆனால் அதனை நிறுத்தினால்? எலும்பில் ஒட்டிப் பல்லாண்டு தங்கும் வேறுவகை மருந்துகள் உள. அவற்றை எலும்போடு சேர்த்து விழுங்கும் என்புண்ணி மடிகிறது. தெனோசுமாபு அத்தகையதன்று. எலும்பில் தங்காது, ஏவியை மறித்து நிற்கும் வரைதான் அதன் வேலை. ஊசிநாள் கடந்து சில திங்களில் மறிப்பு நீங்க, ஏவி வெள்ளமெனப் பாய்கிறது. எலும்பு தின்னப்படும் விரைவு ஊசி தொடங்குமுன் இருந்ததினும் மிகுகிறது. ஆண்டுக்கணக்கிற் சேர்த்த எலும்பு ஓரிரண்டு ஆண்டுகளிற் கரைகிறது. சிலர்க்கு ஒன்றன்பின் ஒன்றாய் முள்ளெலும்புகள் பல முறிகின்றன. இஃது ஏன் இவ்வளவு விரைந்து நேர்கிறது என்பதற்கு 2021-இல் ஆத்திரேலியாவின் சிட்னி நகரக் கார்வன் நிறுவனத்தார் ஒரு விளக்கம் தந்தனர். உயிருள்ள எலியின் எலும்பினுள் நோக்கியபோது, வேலை முடித்த என்புண்ணிகள் எல்லாம் மடியவில்லை. பல சிற்றணுக்களாய்ப் பிரிந்து ஒதுங்கியிருந்தன. ஏவல் வந்ததும் மீண்டும் ஒன்றுகூடி உருக்கொண்டன. மறிப்புக் காலத்தில் அச்சிற்றணுக்கள் திரண்டு காத்திருக்கும். மறிப்பு நீங்கியவுடன் ஒருங்கே எழும். கலைந்த படை வேறு, கரந்த படை வேறு.

அறுபத்தைந்து அகவை முதியவள் ஒருத்தி இவ்வூசியை மூன்றாண்டுகள் போட்டுக்கொண்டாள் எனக் கொள்க. வலி குறைந்தது. நகருக்குப் போகப் பேருந்துச் செலவு, ஊசிச் செலவு, உடன்செல்ல ஆளில்லை; “நன்றாகத்தானே இருக்கிறது, அடுத்தமுறை பார்த்துக்கொள்வோம்” என்று விட்டுவிடுகிறாள். மாத்திரையைச் சில நாள் மறந்தால் பெருங்கேடில்லை என்பதே அவள் பட்டறிவு. ஊசியும் அத்தகையதே எனக் கருதுவது அவள் குற்றமா? நிறுத்தலாகாது என்னும் எச்சரிக்கை மருந்துப் பெட்டியினுள் மடித்து வைத்த தாளில் அச்சிடப்பட்டிருக்கிறது. அத்தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது. மருத்துவர் வாயாற் சொல்லியிருப்பார். நெருக்கடியில் சொல்லாமலும் விட்டிருப்பார். சொன்னபோதும் 'ஏன்' என்பது விளங்காத கட்டளை நெஞ்சில் நில்லாது. ஏவி, மறிப்பி, என்புண்ணி என்னும் மூன்றை அறிந்தவளுக்கோ ஏன் என்பது விளங்கும். விளங்கினால் பேருந்துச் செலவுக்குக் கடன் வாங்கியேனும் போவாள். போக இயலாவிடின், நிறுத்துமுன் எலும்பில் தங்கும் மருந்துக்கு மாற்றித்தருமாறு மருத்துவரைக் கேட்பாள். அவ்வாறு மாற்றி வழங்குதலே உலகெங்கும் எலும்பு மருத்துவர் கூறும் நெறி.

தனித்தமிழ் இயக்கத்தாரை நோக்கிச் சிலர் சொல்லாக்கம் ஒரு பொழுதுபோக்கு என ஏளனம் செய்வர். ஏளனத்திற்கு இடந்தந்தவர் இயக்கத்திலும் உளர் என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஒரே பொருளுக்கு ஒன்பது சொல் ஆக்கி, எந்தச் சொல் உயர்ந்தது எனப் பூசலிட்டு, ஒன்றையும் மக்கள் கையிற் சேர்க்காது இதழ்ப் பக்கங்களில் உறங்கவிட்டோர் பலர். என்புண்ணியினும் நல்ல சொல் ஒருவர்க்குத் தோன்றுமாயின் மகிழ்ச்சியே. அது மருந்துக்கடை மேடையை அடையட்டும்.

இவ்வூசி போட்டுக்கொள்வோர் கையில் கொடுக்கத்தக்க தாள் ஒன்று கீழ்வருமாறு அமையலாம். மருத்துவர் ஒருவரிடம் காட்டித் திருத்தம் பெற்றபின் அச்சிடுக.

“இவ்வூசி எலும்பைத் தின்னும் அணுவுக்கு (என்புண்ணிக்கு) வரும் ஏவலை மறிக்கிறது. மறிப்பு ஆறு திங்களே நிற்கும். நாள் தவறினால் என்புண்ணிகள் ஒருங்கே எழுந்து எலும்பை முன்னினும் விரைவாய்த் தின்னும், முதுகெலும்பு முறியலாம். ஊசியை நிறுத்த வேண்டின், மருத்துவரைக் கேட்டு மாற்று மருந்து பெறும் வழியறிந்த பின்னரே நிறுத்துக. சிறுநீரக நோயுள்ளவர் ஊசிக்கு முன்னரே அதனைச் சொல்லுக. அடுத்த ஊசி நாள்: ……………”

இத்தாளுக்கு உள்ளங்கையகலம் போதும். சங்கரன்கோயிலில் திருமண அழைப்பு அச்சிடும் அச்சகம் எதிலும் ஒரு மாலைப்பொழுதில் ஆயிரம் படி அடித்துவிடலாம்.